சோக்கான் வலிகானவ்: ஜார் ஆட்சியின் பணியில் ஒரு கசாக் கான் வம்சத்தவர்

சோக்கான் வலிகானவ் ரஷ்யப் பேரரசின் குதிரைப்படை அதிகாரி. கசாக்கியரை ஆண்ட அப்லாய் கானின் கொள்ளுப்பேரன். 1835இல் பிறந்து, முப்பது வயது நிறைவதற்குள் 1865இல் இறந்தார். கசாக்ஸ்தானில் அவர் பெயரில் தெருக்களும் ஓர் ஆய்வு நிறுவனமும் உண்டு. அந்த நாட்டைத் தாண்டினால், தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்க்கை வரலாறுகளில் நண்பர் என்ற முறையில் ஓரிரு பக்கம், பயண நூல்களில் வேடமிட்டுக் காஷ்கருக்குப் போனவர் என்று ஓர் அத்தியாயம், அவ்வளவுதான். இரண்டும் உண்மையே. ஆனால் அவர் காலத்தின் பெரும்பகுதி அலுவலகக் கோப்புகளிலும் படை முகாம்களிலும் கழிந்தது. முன்னோர் ஆண்ட நிலத்தை அப்போது ஆண்டுகொண்டிருந்த அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, அந்த நிலத்து மக்களைப் பற்றி அதே அரசுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதியவற்றில் அரசு எதை எடுத்துக்கொண்டது, எதை ஒதுக்கியது என்று பார்த்தால்தான் அவர் நின்ற இடம் விளங்கும்.

கசாக்கியர் பெருங்கூட்டம், நடுக்கூட்டம், சிறுகூட்டம் என மூன்று பிரிவாக ஸ்தெப்பிப் புல்வெளியில் வாழ்ந்தவர்கள். செங்கிஸ்கானின் வழிவந்த குடும்பங்கள் இந்தக் கூட்டங்களின் குலக்கணக்கில் சேராமல் தனித்து நின்றன. அவர்களை ‘வெள்ளெலும்பினர்’ என்றும் மற்றவர்களைக் ‘கருப்பெலும்பினர்’ என்றும் சொல்வது வழக்கம். கானாகும் உரிமை வெள்ளெலும்பினருக்கு மட்டுமே. அந்த வழியில் வந்த அப்லாய் 1740இல் ரஷ்யாவுக்கு விசுவாச உறுதி கொடுத்தார். 1757இல் சீனத்தின் சிங் பேரரசோடும் உறவு ஏற்படுத்திக்கொண்டார். 1771இல் கானாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேரரசி காதரீன் அந்தப் பதவியை அங்கீகரித்து, எல்லைக்கோட்டைக்கு வந்து சத்தியம் செய்து விருதுச் சின்னங்களைப் பெற்றுக்கொள்ளும்படி அழைத்தபோது அவர் போகவில்லை. இரண்டு வல்லரசுகளுக்கும் பிடிகொடுக்காமல் காலம் தள்ளிய கடைசி ஆள் அவர்தான் என்று சொல்லலாம். 1781இல் அவர் இறந்ததும் மகன் வலி, ரஷ்யர் சொன்ன இடத்துக்கே போய்ப் பதவியேற்றுக்கொண்டார். வலிகானவ் என்ற குடும்பப் பெயர் இவரிடமிருந்து வந்தது.

வலிக்குப் பிறகு நடுக்கூட்டத்துக்குப் புதிய கானை ரஷ்யா ஏற்கவில்லை. 1822இல் சைபீரியாவின் நிர்வாகத்தைச் சீரமைத்த ஸ்பெரான்ஸ்கி, கான் பதவியையே ஒழிக்கும் சட்டத்தை எழுதினார். ஸ்தெப்பி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘மூத்த சுல்தான்’. அவரை மூன்றாண்டுக்கு ஒருமுறை கசாக்கியர் தேர்ந்தெடுப்பார்கள். ஓம்ஸ்கில் இருந்த ரஷ்ய நிர்வாகம் உறுதி செய்யும். மூத்த சுல்தானுக்கு மேஜர் தகுதியும் சம்பளமும் உண்டு. மூன்று முறை பதவி வகித்தால் ரஷ்யப் பிரபு என்ற அந்தஸ்தைக் கோரலாம். அரச வம்சத்தைச் சம்பளக்காரர்களாக மாற்றிய இந்த ஏற்பாட்டில் சண்டை சச்சரவு இல்லாமலே ஒரு பரம்பரை பேரரசுக்குள் கரைந்தது.

வலியின் விதவை ஐகானிம் இந்த மாற்றத்தைச் சீக்கிரமே புரிந்துகொண்டவர். ரஷ்ய அதிகாரிகளுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினார். அரசாங்கத்தின் உதவியோடு சிரிம்பெத் என்ற இடத்தில் வீடும் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் எழும்பின. மகன் செங்கிஸைப் படிக்க ஓம்ஸ்குக்கு அனுப்பினார். அவர் 1834இல், இருபத்து மூன்று வயதில் மூத்த சுல்தானானார். அடுத்த ஆண்டு இறுதியில் குஷ்முருன் கோட்டையில் சோக்கான் பிறந்தார். சூட்டிய பெயர் முகமது ஹனஃபியா. சோக்கான் என்பது வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயர். தாய் செய்னெப், பயான்-அவுல் பகுதியின் செல்வாக்கான சோர்மனவ் குடும்பத்துப் பெண்.

குடும்பத்தின் மற்றொரு கிளை வேறு வழியில் போனது. அப்லாயின் இன்னொரு பேரன் கெனெசாரி, சோக்கானுக்குப் பெரியப்பா முறை. கோட்டைகளையும் புதிய மாவட்டங்களையும் எதிர்த்து 1837இல் ஆயுதம் எடுத்து, தன்னைக் கானாக அறிவித்து, பத்தாண்டு போரிட்டார். செங்கிஸ் ரஷ்யப் பக்கம் நின்றார். 1847இல் கெனெசாரி கிர்கிஸியரிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் பன்னிரண்டு வயதுச் சோக்கானைத் தந்தை ஓம்ஸ்க் படைப்பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பள்ளியில் நுழைந்தபோது சோக்கானுக்கு ரஷ்ய மொழி தெரியாது. சொல்ல வந்ததைப் படம் வரைந்து காட்டிப் பேசியதாக வகுப்புத் தோழர் கிரிகோரி பொதானின் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். இவரும் பிற்காலத்தில் பெரிய பயணியாகப் பெயர் எடுத்தவர். சில ஆண்டுகளில் சோக்கான் வகுப்பிலேயே அதிகம் படித்த மாணவரானார். ஆசிரியர்கள் வீட்டு நூலகங்களும் அவருக்குத் திறந்தன. ஆனால் படைத்துறைச் சிறப்புப் பாடங்கள் இருந்த கடைசி வகுப்பில் அவர் உட்கார முடியவில்லை. ரஷ்யரல்லாத குடிகளுக்குப் போர்க்கலை நுட்பங்களைக் கற்பிக்கக் கூடாது என்பதால், தோழர்களைவிட ஓராண்டு முன்பே, 1853இல், கார்னெட் என்ற கீழ்நிலை அதிகாரியாக வெளியே அனுப்பப்பட்டார். சீருடை கொடுத்த கையே பாடப்புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டது.

அடுத்த ஆண்டு மேற்குச் சைபீரியாவின் கவர்னர் ஜெனரல் காஸ்ஃபோர்ட் அவரைத் தம் உதவி அதிகாரியாக வைத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் நான்காண்டுக் கடுங்காவல் முடிந்து ஓம்ஸ்க் சிறையிலிருந்து தஸ்தயேவ்ஸ்கி வெளியே வந்தார். இருவரும் ஒரு ரஷ்ய அதிகாரியின் வீட்டில் சந்தித்தார்கள். வயதில் பதினான்கு ஆண்டு வித்தியாசம். ஒருவர் விடுதலையான கைதி, மற்றவர் அரசாங்கத்தின் செல்லப்பிள்ளை. 1856 டிசம்பரில் செமிபலாத்தின்ஸ்கிலிருந்து தஸ்தயேவ்ஸ்கி எழுதிய நீண்ட கடிதம் எஞ்சியிருக்கிறது. ஸ்தெப்பி என்றால் என்ன என்பதை ரஷ்யாவுக்கு விளக்கும் முதல் கசாக்கியராகவும், ரஷ்யர் முன்னே தம் மக்களுக்காகப் பரிந்து பேசுபவராகவும் நீங்கள் இருக்க வேண்டும் என்று அதில் நண்பரைத் தூண்டுகிறார். நட்பின் உற்சாகத்தில் எழுதிய வரிகள் அவை. ஆனால் சோக்கான் அதைத் தம் வேலைத்திட்டமாகவே எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது.

1856இல் ஹொமெந்தோவ்ஸ்கி தலைமையில் இசிக்குல் ஏரிக்குச் சென்ற படைப்பிரிவில் அவரும் இருந்தார். ஏரிக்கரையின் பூகு கிர்கிஸியர் அதற்கு முந்தைய ஆண்டுதான் ரஷ்ய ஆட்சியை ஏற்றிருந்தார்கள். படைக்கு நில அளவைப் பணி; சோக்கானுக்குக் குலவரலாறுகளும் கதைகளும் பாடல்களும். கிர்கிஸியரின் மனாஸ் காவியத்தின் ஒரு பகுதியை, கோகோதாய் கானின் நினைவு விருந்தைச் சொல்லும் பகுதியை, ஒரு பாடகர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டார். வாய்வழியாகவே வாழ்ந்துவந்த அந்தக் காவியத்திலிருந்து முதன்முதலில் ஏட்டில் ஏறிய பகுதி அது. கசாக்கியரையும் கிர்கிஸியரையும் ஒரே பெயரால் குறித்துக் குழப்பிக்கொண்டிருந்த ரஷ்ய ஆவணங்களுக்கு நடுவே, இவை இரண்டு தனி மக்கள் என்று சான்றுகளோடு காட்டியதும் இந்தப் பயணத்தின் விளைவே. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் சிங் எல்லைக்குள் இருந்த குல்ஜாவுக்கு அலுவல் நிமித்தம் போய்வந்தார். தியான்ஷான் மலைகளை ஆராயச் சென்ற பியோத்தர் செம்யோனவ் ஓம்ஸ்கில் இவரைச் சந்தித்து வியந்து பரிந்துரைத்ததால், 1857இல் ரஷ்யப் புவியியல் கழகத்தின் முழு உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

காஷ்கர் பயணத்துக்குக் காரணம் அறிவுத்தாகம் மட்டுமல்ல. காஷ்கர், யார்க்கந்து, ஹோத்தன், அக்சு, உச்-துர்ஃபான், யங்கி-ஹிசார் ஆகிய நகரங்களைக் கொண்ட பகுதிக்கு ஆல்திஷஹர், அதாவது ஆறு நகர் நாடு, என்று பெயர். சிங் ஆட்சியின்கீழ் இருந்த அந்த முஸ்லிம் நாட்டில் முன்பு ஆண்ட ஹோஜா வம்சத்தினர் மேற்கே இருந்த கோகந்து கானரசின் பக்கமிருந்து அடிக்கடி படையெடுத்தார்கள். 1857இல் வலிகான் தோரா என்பவர் காஷ்கரைப் பிடித்துச் சில மாதங்கள் கொடுங்கோல் நடத்தினார். வெட்டிய தலைகளைக் கொண்டு கோபுரம் கட்டினார். அந்தச் சமயம் அங்கே போய் மாட்டிக்கொண்டவர் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் அடால்ஃப் ஷ்லாகின்ட்வைட். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதரவில் சகோதரர்களோடு இந்தியாவிலும் இமயத்திலும் ஆய்வு செய்து, வடக்கே மலைகளைக் கடந்து வந்தவர். அவர் என்ன ஆனார் என்று ஐரோப்பாவில் நிச்சயமாகத் தெரியவில்லை. ரஷ்யாவுக்கோ அந்த நாட்டின் வணிகம், படைபலம், மக்களின் மனநிலை எல்லாம் தெரிய வேண்டியிருந்தது. ஐரோப்பிய முகம் உள்ளே போனால் உயிரோடு திரும்பாது. இந்த வேலைக்குச் சோக்கானைவிடப் பொருத்தமானவர் பேரரசிடம் இல்லை.

தலையை மழித்து, வணிகர் உடையில், அலிம்பாய் என்ற பெயரோடு 1858 கோடையில் முசாபாய் என்ற வணிகரின் ஒட்டகக் கூட்டத்தோடு புறப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன்பு ரஷ்யாவுக்குப் போய்விட்ட கோகந்தின் மார்கிலான் நகரத்து வணிகர் ஒருவரின் மகன் பெயர் அது. அந்த மகன் உறவினரைத் தேடித் திரும்பி வருவதாகக் கதை. மலைகளைக் கடந்து அக்டோபரில் காஷ்கரை அடைந்தார்கள். அங்கே கோகந்து குடிமக்களை விசாரித்து வரி வாங்க, அக்சகால் என்ற கோகந்துப் பிரதிநிதி ஒருவர் சிங் அரசின் சம்மதத்தோடு இருந்தார். அலிம்பாய் அவருடைய ஆளாகக் கணக்கில் ஏறினார். வெளியூர் வணிகர்கள் தங்கியிருக்கும் காலத்துக்கு மட்டும் உள்ளூரில் மணம் செய்துகொள்ளும் வழக்கத்தையும் சந்தேகம் வராமலிருக்கக் கடைப்பிடித்தார். ரஷ்ய ஒற்றன் ஒருவன் வந்திருக்கிறான் என்ற வதந்தி சந்தையில் உலவிக்கொண்டிருக்க, ஐந்து மாதத்துக்குமேல் அங்கே தங்கி, அதிகாரிகளோடும் புலவர்களோடும் பழகி, கையெழுத்துச் சுவடிகளைச் சேர்த்து, 1859 மார்ச்சில் வெளியேறினார். ஷ்லாகின்ட்வைட் வலிகான் தோராவின் ஆணையால் தலை வெட்டப்பட்டார் என்ற செய்தியை உறுதிசெய்துகொண்டு வந்தார்.

ஆல்திஷஹர் பற்றிய அவர் அறிக்கை, நிலவியல், வரலாறு, மக்கள், ஆட்சிமுறை, வணிகம் என்று விரிகிறது. ஒற்றரின் குறிப்புப் புத்தகமாகத் தொடங்கியது அறிஞரின் நூலாக முடிந்திருப்பதை அதைப் படிப்பவர் உணரலாம். மக்கள் சிங் அதிகாரிகளின் வரிக்கும் விடுவிக்க வரும் ஹோஜாக்களின் கொள்ளைக்கும் நடுவே அல்லல்படுவதை அவர் பக்கம் சாராமல் சொல்கிறார். ரஷ்யா அங்கே ஒரு தூதரகத்தை வைக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்கிறார். இரண்டும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை. அவரைத் தேசியவீரராக மட்டும் காட்டுபவர்களும் ஏகாதிபத்திய ஒற்றராக மட்டும் காட்டுபவர்களும் ஆளுக்கொரு பாதியைப் படிக்கிறார்கள்.

பயணத்தின் பலனாகத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் அவரை வரவேற்றது. இரண்டாம் அலெக்சாந்தர் நேரில் சந்தித்தார். பதவி உயர்வும் புனித விளாதிமிர் விருதும் கிடைத்தன. படைத் தலைமையகத்தில் மத்திய ஆசிய வரைபடங்களைத் தயாரித்தார். பல்கலைக்கழக விரிவுரைகளைக் கேட்டார். 1861இல் புவியியல் கழக ஏட்டில் சுங்காரியா பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. பண்ணையடிமை முறை ஒழிப்பைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்தப் பேச்சின் தாக்கம் அவர் பிற்கால எழுத்தில் தெரிகிறது. ஆனால் ஈரக்குளிர் நுரையீரலைப் பிடித்தது. காசநோயோடு 1861இல் ஸ்தெப்பிக்குத் திரும்பினார்.

இதன்பின் வந்த நான்கு ஆண்டுகளைத்தான் வாழ்க்கை வரலாறுகள் விரைந்து கடந்துபோகின்றன. 1862இல் அத்பசார் மாவட்டத்து மூத்த சுல்தான் பதவிக்குச் சோக்கான் போட்டியிட்டார். படித்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தால் என்ன செய்ய முடியும் என்று காட்டவும், மக்களை ரஷ்ய அதிகாரிகளிடமிருந்தும் தம் இனத்துச் செல்வந்தரிடமிருந்தும் காக்கவும் விரும்பியதாக, அந்த அக்டோபரில் தஸ்தயேவ்ஸ்கிக்கு எழுதினார். பெரும்பான்மை வாக்கு அவருக்கே விழுந்தது. அவருக்கு மத நம்பிக்கை இல்லை என்பது போன்ற வதந்திகள் பரவின. கவர்னர் ஜெனரல் தியூகமேல் தேர்தல் முடிவை உறுதிசெய்ய மறுத்தார். பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. தந்தைக்கு இருபத்து மூன்று வயதில் கிடைத்த பதவி, பேரரசரையே சந்தித்த மகனுக்கு மறுக்கப்பட்டது முரணாகத் தோன்றலாம். முரண் இல்லை. மாவட்ட நிர்வாகத்துக்கு வேண்டியது கையெழுத்துப் போடும் சுல்தான். கணக்குக் கேட்கும் சுல்தான் அல்ல.

வழக்கு மன்றச் சீர்திருத்தம் பற்றி 1864இல் அவர் எழுதிய குறிப்பு, அளவில் சிறியதானாலும் அவருடைய சிந்தனையின் உச்சம். ரஷ்யாவில் அமைந்துவந்த அமைதி நீதிபதி முறையை ஸ்தெப்பியிலும் புகுத்தலாமா என்று அரசு யோசித்தது. மாவட்டங்களில் கருத்துக் கேட்கச் சென்ற குழுவோடு சோக்கானும் போனார். கசாக்கியரின் வழக்குகளைத் தீர்த்தவர்கள் ‘பீ’க்கள். பீ பதவிக்கு நியமனமும் இல்லை, தேர்தலும் இல்லை. வழக்காற்றுச் சட்டத்தில் ஆழ்ந்த அறிவும் நாவன்மையும் நேர்மையும் உள்ளவர் என்று பெயரெடுத்தவரிடம் மக்கள் தாமே வழக்கைக் கொண்டுபோனார்கள். தீர்ப்புத் தவறினால் அடுத்த வழக்கு வராது. ஷேக்ஸ்பியரும் கெதேயும் மகாகவிகள் என்பதை எந்த அரசாணையும் எந்த வாக்கெடுப்பும் முடிவுசெய்யவில்லை, பீக்களின் புகழும் அப்படித்தான் என்று சோக்கான் வாதிட்டார். பீ மன்றத்தை அப்படியே விட்டுவிட வேண்டும், அதைத் தேர்தலோடும் பதவியோடும் கட்டினால் கெட்டுவிடும் என்பது அவர் முடிவு.

அதைவிடக் கூர்மையானது, கருத்துக் கேட்ட முறையைப் பற்றிய அவர் கண்டனம். குழு யாரைக் கேட்டது? சுல்தான்களையும் செல்வந்தரையும். மேட்டுக்குடியின் நலன் பெரும்பாலும் பொதுமக்களின் நலனுக்கு எதிரானது. ஆகவே அவர்கள் சொல்வதை மக்களின் விருப்பமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதினார். செங்கிஸ்கான் வழிவந்த, சுல்தான் பட்டமுள்ள ஒருவர் எழுதிய வாக்கியம் இது. எந்தச் சீர்திருத்தமும் மக்களின் பொருளாதாரத் தேவையிலிருந்து தொடங்க வேண்டும், வேறொரு நாட்டுக்கு ஏற்றது என்பதால் இங்கும் ஏற்றதாகிவிடாது என்பதும் அவர் நிலை. எல்லை நெடுகிலும் ரஷ்யரின் கொசாக் குதிரைப்படைக் குடியேற்றங்கள் நல்ல மேய்ச்சல் நிலங்களைப் பறித்துக்கொண்டதைப் பற்றியும் தனிக் குறிப்பு எழுதினார். காஷ்கர் அறிக்கைக்கு விருது கிடைத்தது. இந்தக் குறிப்புகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பேரரசுக்கு அவர் கண்கள் தேவைப்பட்டன, யோசனை தேவைப்படவில்லை.

அவரிடமும் ஒருதலைச் சாய்வுகள் இருந்தன. ஸ்தெப்பியில் இஸ்லாம் பரவியதை, குறிப்பாகத் தாதர் முல்லாக்களின் செல்வாக்கை, கடுமையாக வெறுத்தார். ஐரோப்பியக் கல்வியே விடுதலை என்று நம்பினார். பழைய ஷாமன் வழிபாட்டின் எச்சங்களை அன்போடு பதிவுசெய்தவர், அவுல்கள் என்ற கசாக் குடியிருப்புகளில் எழுத்தறிவைக் கொண்டுவந்ததில் அதே முல்லாக்களுக்கு இருந்த பங்கை ஏற்கத் தயாராக இல்லை.

1864 வசந்தத்தில் தெற்கே கோகந்துக் கோட்டைகளைப் பிடிக்கக் கிளம்பிய கர்னல் செர்னியாயெவின் படையில் சேர்ந்தார். உள்ளூர் மக்களோடு பேசி ரத்தம் சிந்தாமல் இணங்கவைக்கலாம் என்பது அவர் எண்ணம். ஜூனில் ஆவ்லியே-அத்தா நகரம் பிடிபட்டபோது நடந்த கொடுமை அந்த எண்ணத்தை முடித்துவைத்தது. செர்னியாயெவோடு முறிந்து, வேறு சில அதிகாரிகளோடு சேர்ந்து படையை விட்டு விலகினார். ஆனால் பேரரசை விட்டு விலகினார் என்று சொல்ல முடியாது. அல்தின்-எமெல் மலையடிவாரத்தில் அல்பான் குலத்தின் மூத்த சுல்தான் தெசெக்கின் அவுலில் தங்கினார். தெசெக்கும் அப்லாயின் வழிவந்தவரே. அவர் குடும்பத்து ஐசாரியை மணந்தார். எல்லைக்கு அப்பால் குல்ஜாவில் சிங் ஆட்சிக்கு எதிராகக் கலகம் மூண்டிருந்தது. அதைப் பற்றிய செய்திகளை அவுலிலிருந்தபடியே திரட்டி ரஷ்ய அதிகாரி கொல்பகோவ்ஸ்கிக்குக் கடிதம் கடிதமாக அனுப்பிக்கொண்டிருந்தார். நோய் முற்றி 1865 ஏப்ரலில் அங்கேயே இறந்தார்.

அதே ஆண்டு லண்டனில் மிச்செல் சகோதரர்கள் ரஷ்ய ஆசியாவைப் பற்றிய கட்டுரைகளை மொழிபெயர்த்து நூலாக வெளியிட்டார்கள். கேப்டன் வலிகானவின் எழுத்துகளும் அதில் இருந்தன. மத்திய ஆசியாவில் ரஷ்யா எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று கவலைப்பட்ட பிரிட்டிஷ் வாசகர்கள் அவற்றைப் படித்தார்கள்.

மூன்றாண்டு கழித்து, 1868இல், ஸ்தெப்பிக்குப் புதிய தற்காலிகச் சட்டம் வந்தது. மூத்த சுல்தான் பதவி ஒழிந்தது. மாவட்டங்கள் ரஷ்ய அதிகாரிகளின் கைக்குப் போயின. கசாக்கியரின் நிலம் அரசின் சொத்தென அறிவிக்கப்பட்டது. பீ மன்றம் பெயரளவில் நிலைத்தது. ஆனால் பீக்களை மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்க வேண்டும், ஆளுநர் உறுதிசெய்ய வேண்டும் என்று விதித்தார்கள். சோக்கான் வேண்டாம் என்று சொன்ன ஏற்பாடு அதுதான். செங்கிஸ் அந்த ஆண்டே பதவியிலிருந்து விலகி, மகனுக்குப் பின் முப்பது ஆண்டு வாழ்ந்து, 1895இல் இறந்தார்.

துர்க்கிஸ்தான் கவர்னர் ஜெனரல் காஃப்மனின் விருப்பப்படி, சோக்கானின் கல்லறையில் 1881இல் ரஷ்யத்திலும் கசாக் மொழியிலும் பொறித்த பளிங்குப் பலகை வைக்கப்பட்டது. எழுத்துகள் தொகுப்பாக வர 1904 வரை ஆயிற்று. பதிப்பித்தவர் கீழைத்தேயவியல் அறிஞர் வெசெலோவ்ஸ்கி. சோவியத் காலத்தில் அல்கெய் மர்குலான் தலைமையில் 1961 முதல் 1972 வரை ஐந்து தொகுதிகள் வெளிவந்தன. காணாமற்போனதாகக் கருதப்பட்ட மனாஸ் கையெழுத்துப்படி லெனின்கிராடு ஆவணக் காப்பகத்தில் மர்குலானின் கையில் கிடைத்ததும் அந்தப் பதிப்பு வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான். 1977இல் ஆர்தர் ஹாட்டோ அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு ஆக்ஸ்ஃபோர்டில் பதிப்பித்தார்.